நூறு இயர்போனும் ஒரு வலது காதும்

புஹாரியின் வலது காதைக் கெடுத்தவர் புஹாரிதான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. பங்கு கேட்டு யாரும் வரவுமில்லை.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவர் கடை. ரேடியோ திருத்துவார், கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பார். எழுபத்தேழில் இறக்குமதித் தடை நீங்கிய பிறகு வெளிநாட்டுச் சாமான்கள் வெள்ளமாக வந்துகொண்டிருந்த காலம். அந்த வியாழக்கிழமை காலை அவருடைய மனைவியின் தம்பி ஹுமைத் கொழும்பிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்து மேசையில் வைத்தான். உள்ளே நூறு இயர்போன். ஒற்றைக் காதில் செருகி, வயரின் மறுமுனையை ட்ரான்சிஸ்டரில் குத்தினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் பாட்டுக் கேட்கலாம். விலையும் கொள்ளை மலிவு.

"கேட்டுப் பாருங்க மச்சான். சரியில்லாட்டி ஞாயித்துக்கெழம நான் கொழும்பு போகக்குள்ள திருப்பிக் குடுத்துடுறேன்" என்று சொல்லிவிட்டு ஹுமைத் தேநீர் குடிக்கப் போனான்.

கேட்டுப் பார்க்க எடுத்த ட்ரான்சிஸ்டரில் பேட்டரி செத்திருந்தது. நாலு கடை தள்ளிப் போனால் பேட்டரி கிடைக்கும். புஹாரிக்கு நாலு கடை தூரமாகத் தெரிந்தது. மேசையிலோ முந்தின நாள் கல்யாண வீட்டிலிருந்து திரும்பி வந்த ஆம்ப்ளிஃபயர் இருந்தது. நானூறு பேர் பிரியாணி சாப்பிடும் இரைச்சலைத் தாண்டிப் பாடிய மெஷின். சத்தக் குமிழைக் கல்யாண வீட்டார் எந்த இடத்தில் விட்டார்களோ அந்த இடத்திலேயே இருந்தது. புஹாரி இயர்போனை வலது காதில் அழுத்திச் செருகினார். வயரை ஆம்ப்ளிஃபயரில் குத்தினார். வேறொருவன் இப்படிச் செய்யக் கண்டிருந்தால் "மடையா" என்று கையைத் தட்டிவிட்டிருக்கக்கூடிய அதே புஹாரி, மைக்கை வாயருகே கொண்டுபோய், "ஹலோ" என்றார்.

அவர் சொன்ன ஹலோ அவருக்கே போய்ச் சேர்ந்தது. இயர்போன் அந்த இடத்திலேயே உயிரை விட்டது. புஹாரி போட்ட சத்தத்தில் பக்கத்துப் புடவைக்கடைச் செல்வநாயகம் முழக்கோலோடு ஓடி வந்தார்.

"என்ன புஹாரி நானா, என்ன ஆச்சு?"

"ஒண்டுமில்ல. குளவி கொட்டிட்டு" என்றார் புஹாரி.

கடைக்குள் குளவி இல்லை. ஆம்ப்ளிஃபயர் இருந்தது, மைக் இருந்தது, காதிலிருந்து வயர் தொங்கிக்கொண்டிருந்தது. செல்வநாயகம் மூன்றையும் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்து, "ஆமா, இந்தச் சீசன்ல குளவி ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலை, புதுப் பேட்டரி போட்டு, மீதித் தொண்ணூற்றொன்பதில் ஒன்றை எடுத்து வலது காதில் வைத்தபோது, பாட்டு கம்பளிக்குள் சுருட்டி வைத்ததுபோல் வந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் கம்பளி. பத்தாவதையும் கேட்டுவிட்டு, "சாமான் சரியில்ல" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பில் அவருக்கு ஏற்பட்ட நிம்மதி, வியாபாரி ஒருவனுக்கு ஏற்படக் கூடாதது.

ஏனென்றால் இரண்டில் ஒன்றுதான். ஒன்று, இயர்போன் குப்பை. இல்லையென்றால், காது போய்விட்டது. அந்தக் காதோ லேசுப்பட்ட காதல்ல. வெலிமடையிலிருந்தும் பசறையிலிருந்தும் ரேடியோவைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிறவர்கள் அந்தக் காதை நம்பித்தான் வந்தார்கள். மூடியைத் திறக்காமலே, வலது காதை ஒரு தரம் சாய்த்து, "கண்டென்சர் போய்ட்டு" என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருடம் அவருக்குச் சோறு போட்டது அந்த ஒற்றைக் காது.

இடது காதில் வைத்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். அதில் பாட்டு பளிச்சென்று கேட்டது. ஆனால் இடது காதின் சாட்சியத்தை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அது பிறவியிலேயே வெகுளி. எதைக் கொடுத்தாலும் நன்றாயிருக்கிறது என்று சொல்லும். வீட்டில் சொல்வதைக் கேட்டு "ம்" போடுவதற்காக மட்டும் அவர் அதை வைத்திருந்தார்.

ஆகவே வெளிச் சாட்சி தேவைப்பட்டது. முதல் சாட்சி ஹுமைத்.

"மச்சான், கொழும்புல இதுக்குக் கியூ!" என்றான் அவன். "ஜப்பான் சாமான்."

பெட்டியில் வேறு ஏதோ ஊர்ப்பெயர் அச்சடித்திருந்தது.

"சத்தம் அமுங்கி வருது தானே?"

"உங்களுக்குப் புடிக்காட்டி திருப்பிக் குடுக்கலாம். நான் ஒண்டும் நெனைக்க மாட்டேன்" என்றான் ஹுமைத். இப்போதே நினைக்கத் தொடங்கிவிட்ட முகம்.

வீட்டில் மனைவி ஜெனீராவிடம் கொடுத்தார். அவள் முக்காட்டை விலக்கிக் காதில் வைத்து, நியாயமான நேரம் கேட்டாள்.

"எப்பிடி ஈக்கு?"

"மாஷா அல்லாஹ், இத்துனூண்டு சாமானுக்குள்ள இவ்வளவு பெரிய பாட்டு!"

"அதில்ல ஜெனீரா. தெளிவா ஈக்கா, இல்லியா?"

"அது உங்கட தொழில். நான் என்னத்தச் சொல்ல?" என்றவள், சற்றுப் பொறுத்து, "கேத்தல் கொதிக்குதாண்டு வந்ததுலேருந்து ஏன் கேட்டுக்கிட்டே ஈக்கிறீங்க? அடுப்பே பத்த வைக்கல்லியே" என்றாள்.

காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்த கொய்ங்கென்ற சத்தம் கேத்தலுடையது அல்ல என்பதை அவர் அப்போது ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. மனதுக்குள் மட்டும்.

மறுநாள் காலை கடை திறந்ததும் செல்வநாயகத்தைக் கூப்பிட்டார். செல்வநாயகம் வந்த வேகத்தில் வலப்பக்கம் நின்றவர், ஏதோ ஞாபகம் வந்தவர்போலச் சுற்றிப் போய் இடப்பக்கம் நின்றுகொண்டார். நேற்றிலிருந்து ஊரில் எல்லோரும் இப்படித்தான் அவரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். பேச்சும் உரக்க இருந்தது. ஊருக்கே ஏதோ புதுப் பழக்கம் பிடித்திருக்கிறது என்று புஹாரி நினைத்துக்கொண்டார்.

"இதக் கேட்டு உள்ளதச் சொல்லுங்க."

செல்வநாயகம் கேட்டார். தலையாட்டினார். தாளம்கூடப் போட்டார்.

"பரவாயில்ல" என்றார்.

"பரவாயில்லன்னா? நல்லதா, கெட்டதா?"

"என்ன நானா நீங்க! ஒங்க கடையில இன்னும் போணி ஆகல. காலங்காத்தால, மொத யாவாரம் ஆகுறதுக்கு முன்னாடி, ஒருத்தர் கையில இருக்குற சாமானப் பத்தி வாயத் தொறக்கலாமா? எங்கப்பா கடைய ஒப்படைக்கும்போது சொல்லிக்குடுத்த மொத விஷயமே அதுதான்."

நியாயம்தான். புஹாரியும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர். ஒரு ஜோடி பேட்டரி விற்று, போணி ஆனதும், இயர்போனைத் தூக்கிக்கொண்டு புடவைக்கடைக்கே போனார்.

"எனக்குப் போணி ஆயிட்டு. இப்ப சொல்லுங்க."

"ஒங்களுக்கு ஆயிருச்சு, சரி" என்று செல்வநாயகம் கைகளைப் பிசைந்தார். "எனக்கு இன்னும் ஆகலையே."

ஒரு பட்டுச்சேலையைப் பேரம் பேசி வாங்கி அந்தத் தடையை நீக்கிவிடலாமா என்றுகூடப் புஹாரி யோசித்தார். ஒரு வார்த்தைக்கு அந்த விலை கட்டாது.

அதன் பிறகு வந்த வாடிக்கையாளர்களை வளைத்தார். இந்த இடத்தில்தான் அவர் தொழிலுக்கே விரோதமான காரியத்தில் இறங்கினார். தன் சாமானைத் தானே திட்டினார். "கேளுங்க, மொக்கையா ஈக்கா இல்லியா? பாட்டு கெணத்துக்குள்ளேருந்து வாற மாதிரி இல்ல?" என்று ஆசையோடு எடுத்துக் கொடுத்தார். கடைக்காரரே குறை சொல்லும் சாமானில் ஏதோ சூட்சுமம் இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் முடிவு செய்தார்கள். எல்லோரும் "பரவாயில்ல மொதலாளி" என்று சொல்லிவிட்டு, ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டும் போனார்கள். வெள்ளிக்கிழமை கடை மூடும்போது பதினேழு இயர்போன் விற்றிருந்தது. தன் வாழ்நாளில் எந்தச் சாமானும் இவ்வளவு சீக்கிரம் போனதில்லை என்று புஹாரி கவலைப்பட்டார்.

சனிக்கிழமை தேயிலைத் தோட்டத்து ஆட்கள் டவுனுக்கு வரும் நாள். ஞாயிறு காலை ஹுமைத் கிளம்பிவிடுவான். பெட்டி திரும்பிப் போனால் இயர்போன் குப்பை. பெட்டி நின்றால் காது குப்பை. மத்தியானம் வரை பரவாயில்லைகளைச் சேகரித்துக் களைத்துப்போய், புஹாரி குனிந்து ஒரு ரேடியோவுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று மேசை அதிர்ந்தது. நிமிர்ந்தார்.

வலப்பக்கம், மேசையில் குடைப்பிடியால் தட்டியபடி ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பசறைப் பாதையில் உள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள், ஜெயலெட்சுமி. போன வருடம் அவளுடைய ரேடியோவுக்கு இவர்தான் ஸ்பீக்கர் மாற்றினார்.

"எப்ப வந்தீங்க தங்கச்சி?"

"அது கெடக்கட்டும். காதுல வைக்கிற சாமான் ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு எதுக்கு?"

"லயத்துல வரிசையா எட்டுக் காம்பிரா, எட்டுக் குடும்பம். எட்டுக்கும் என் ரேடியோதான். சொவரு மேல வரைக்கும் இல்லீங்களே, சத்தம் அந்தப் பக்கம் போயிருது. ஒருத்தி கூட்டுங்குறா, ஒருத்தி கொறைங்குறா, மூணாவது வீட்டுக்காரரு மரண அறிவித்தல் கேக்கணும்னு நிக்குறாரு. பேட்டரி வாங்குறவ நானு. ஒரு பாட்டயாவது நான் மட்டும் கேக்கணும்."

புஹாரி ஒன்றை எடுத்து ட்ரான்சிஸ்டரில் குத்திக் கொடுத்தார். பழக்கதோஷத்தில், "கேளுங்க, மொக்கையாத்தான் ஈக்கும்" என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள். செய்தி போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டாள். முள்ளைத் திருப்பி ஒரு பாட்டைப் பிடித்தாள். அதையும் அவசரப்படாமல் கேட்டாள். பிறகு, யாரும் இதுவரை செய்யாத வேலையாக, பெட்டியிலிருந்து இன்னும் மூன்றை எடுத்து ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்டு, இரண்டாவதைத் தனக்கென்று ஒதுக்கி வைத்தாள். பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்திருக்க வேண்டும்.

புஹாரி மேசைமேல் சாய்ந்து குனிந்தார்.

"தங்கச்சி, பரவாயில்லண்டு மட்டும் சொல்லாதீங்க. மூணு நாளா அதக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் புடிக்குது. சாமான் கெட்டதா? கெட்டதுண்டா நாளைக்கு நான் பெட்டியோட திருப்பி அனுப்பிடுவேன். சந்தோஷமா அனுப்புவேன்."

ஜெயலெட்சுமி இயர்போனைக் காதிலிருந்து எடுத்தாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மேசையைச் சுற்றி அவருடைய இடது பக்கமாக வந்து நின்றாள்.

"சாமான் நல்ல சாமானுங்க மொதலாளி. செய்தி வாசிக்கிறவருக்குச் சளி புடிச்சிருக்குறதுகூடத் தெரியுது. திருப்பி அனுப்பாதீங்க. நான் அந்தப் பக்கம் நின்னு ஒங்கள நாலு தடவ கூப்புட்டேன், நீங்க திரும்பல. ஒங்க வலது காதுதாங்க போயிருச்சு. நாளைக்கு வேண்டாம், இப்பவே கடையப் பூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க."