கடைசியாக அவள் கேட்ட நிறம்

மனைவியின் வறண்ட உதட்டில் தையல்காரர் ஈரத் துணியை ஒற்றிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தான். குள்ளம். தோள்பட்டைத் தையல் இரண்டு விரற்கடை கீழே இறங்கிக் கிடந்தது. ரெடிமேட் சட்டை. மனிதர்களை அவருக்கு அப்படித்தான் பார்க்கத் தெரியும்.

“சார், பிளாண்ட்லேருந்து வர்றேன். நெட்டைன்னு சொன்னா மேடத்துக்குத் தெரியும்.”

அவர் கை அப்படியே நின்றது.

வருஷக்கணக்காக அவர்கள் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டில் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்த பெயர் அது. “நெட்டை இன்னைக்கு என்ன சொன்னான் தெரியுமா?” என்றுதான் அவள் பேச்சையே தொடங்குவாள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பரிசோதனைக்கூடம் அவளுடையது. அவன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். தொட்டித் தண்ணீரில் துளி எடுத்து, இரண்டு சாயம் கலந்து, இருட்டறையில் நுண்ணோக்கியை வைத்துக்கொண்டு இருவரும் மாறி மாறிப் பார்ப்பார்களாம். உயிரோடிருக்கும் பாக்டீரியா பச்சையாக ஒளிரும். செத்தது சிவப்பாக.

“வெளிச்சம் பொட்டுக்கூட உள்ள வரக் கூடாதுங்க” என்று அவள் கேட்டதால், அந்த அறைக்குக் கறுப்புத் திரை தைத்துக் கொடுத்தவரே அவர்தான். இரட்டைத் துணி, ஓரமெல்லாம் அழுத்தத் தையல். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நெட்டை என்றால் ஆறடி உயரம், அகன்ற மார்பு என்று மனத்துக்குள் அளவெடுத்து வைத்திருந்தார். அது கிண்டலுக்கு வைத்த பெயர் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

காலையிலிருந்து கண் திறக்காதவள் அந்தக் குரலுக்குத் திறந்தாள்.

“என்ன நெறம்?”

போன மாதம் எங்கிருந்தோ ரசாயனக் கழிவு கலந்து வந்து, பெரிய தொட்டியில் இருந்த பாக்டீரியாவையெல்லாம் கொன்றுபோட்டிருந்தது. அழுக்கைத் தின்ன ஆளில்லை என்றால் ஊர்க் கழிவு அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். வேறொரு நிலையத்திலிருந்து லாரியில் உயிருள்ள பாக்டீரியா நிறைந்த சேறு கொண்டுவந்து, பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி ஊற்றினார்கள். பிடித்ததா இல்லையா என்று பார்ப்பதற்குள் அவள் படுக்கையில் விழுந்துவிட்டாள்.

“பச்சைங்க மேடம். எங்க பாத்தாலும் பச்சை. நாத்து விட்ட மாதிரி கெடக்கு.”

அவள் சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போன அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு எங்கே மிச்சம் இருந்ததோ. அவளுடைய கை என்னவோ தையல்காரரின் கைக்குள்தான் இருந்தது. சிரிப்பு அந்தப் பக்கம் போயிற்று.

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டாள். பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

மறுநாள் வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கொழுந்தியாள் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அக்கா கடைசியா என்ன சொன்னா மாமா?”

நாலு நாற்காலி தள்ளி நெட்டை இருந்தான். முகம் வீங்கியிருந்தது. காலையிலிருந்து அவன் அழுததைப் பார்த்து அவருக்கு வயிறு எரிந்தது. கட்டினவனுக்கு வராத கண்ணீர் இவனுக்கு எங்கிருந்து வருகிறது?

“சாப்பிட்டீங்களான்னு கேட்டா. அதான் கடைசி.”

“அக்காவா?” கொழுந்தியாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். “அவ எங்க மாமா அதெல்லாம் கேப்பா?”

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

“கேட்டாங்கம்மா,” என்றான் நெட்டை. “நான் அங்கதான் நின்னேன். சாரைப் பாத்து, சாப்பிட்டீங்களான்னுதான் கேட்டாங்க.”

கொழுந்தியாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தையல்காரருக்கு நன்றி தோன்றவில்லை. என் பெண்டாட்டியின் கடைசி வார்த்தையை எனக்கே பிச்சை போடுகிறான் என்றுதான் தோன்றியது.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்தபோது நெட்டை தெருவில் இறங்கி நடந்தான். அவரும் பின்னாலேயே போனார். பஸ் நிறுத்தத்தில்தான் பிடிக்க முடிந்தது.

“எனக்காக எதுக்குப் பொய் சொன்னீங்க?”

நெட்டை சாலையைப் பார்த்தபடி நின்றான். “ஏற்கெனவே ஒண்ணு சொல்லியாச்சு சார். அதோட இதுவும் போகட்டும்னுதான்.”

“ஏற்கெனவே என்ன?”

“தொட்டியில உறை பிடிக்கல. நேத்து கிளம்புறதுக்கு முன்னாடி நானே சாயம் போட்டுப் பாத்தேன். அத்தனையும் சிவப்பு. ஒண்ணு ரெண்டாவது பச்சை தெரியாதான்னு மறுபடி மறுபடி பாத்தேன். உள்ளத உள்ளபடி சொல்லணும்னுதான் சார் வந்தேன். மேடத்துக்கு அதான் பிடிக்கும். அவங்க மூஞ்சியப் பாத்ததும் வாய் தானா பச்சைன்னுடுச்சு. கண்டுபிடிச்சிருப்பாங்களோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல.”

தையல்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மனசு குளிர ஒரு பொய் தேவைப்பட்டிருக்கிறது. அதைக்கூட இவன் முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். தான் சொன்ன பொய்யோ தனக்கே சொல்லிக்கொண்டது.

“நம்பிட்டா,” என்றார் கடைசியில். “அவ சிரிப்பு எனக்குத் தெரியும்.”

நெட்டை சரியென்று தலையை ஆட்டினான். திரும்பத் திரும்ப ஆட்டினான்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. நெட்டை ஏறவில்லை. டிரைவர் இருவரையும் பார்த்தார், கொஞ்சம் பொறுத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

தையல்காரர் பெஞ்சில் கிடந்த சருகுகளைக் கையால் தள்ளிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது.