இடப்பக்கம் சாய்ந்த சூரியன்

படார்!

அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்ததுமே மரத்தோடு மரம் மோதிய சத்தம். நான் துள்ளிவிட்டேன். என் கணவர் விதாஸ் என்னைவிட உயரமாகத் துள்ளினார்.

"பயந்துட்டீங்களா? உள்ள வாங்க!" என்று சிரித்தாள் யூர்கா.

நார் எடுப்பதை வருபவர்களுக்குச் செய்துகாட்டுவது அங்கே அவள் வேலை. காய்ந்த ஆளிச் செடித் தண்டுகளை வலது கையில் கற்றையாகப் பிடித்து, இடது கையால் நொறுக்குக்கட்டையை ஓங்கி இறக்கிக்கொண்டிருந்தாள். சக்கை பொடிப்பொடியாக உதிர, நார் மட்டும் கையில் மின்னியது. அறுபது வயதிலும் அந்தத் தோளும் அந்தப் பின்னலும்! தச்சர் மகளான இவள் பின்னால் ஊரே ஒரு காலத்தில் சுற்றியது. தான் சுற்றவில்லை என்று முப்பத்தெட்டு வருடமாகச் சாதிக்கிறார் விதாஸ். ஆனால் இன்று காலை இருமுறை சட்டையை மாற்றினார்.

சுவரில் நூற்புப் பலகைகள் வரிசையாகத் தொங்கின. நூற்கும்போது நாரைக் கட்டிவைக்கும் பலகை அது. எங்கள் லிதுவேனியக் கிராமத்தில் பெண் கேட்பவன் இதைத் தன் கையாலேயே செதுக்கிக் கொண்டுவர வேண்டும். விதாஸ் தந்தது இன்னும் என் கட்டிலுக்கு மேலே இருக்கிறது. ஆறு இதழ்ச் சூரியன். இதழ்கள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், ஆறாவது மட்டும் குட்டை. "உன்னை நெனச்சதும் கை நடுங்கிடுச்சு" என்றார் அன்று. அந்தக் குட்டை இதழைத் தடவிப் பார்க்காமல் நான் தூங்கியதில்லை.

மூன்றாவது ஆணியில் அதே சூரியன் தொங்கியது. அதே சாய்வு, அதே குட்டை இதழ். கீழே அட்டையில், 'வழங்கியவர்: யூர்கா.'

விதாஸின் சட்டையைப் பிடித்து அந்தப் பலகையின் முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"ஏன்யா, இவளை நெனச்சப்பவும் கை நடுங்குச்சா?"

விதாஸ் பலகையைப் பார்த்தார். காதுமடல் பீட்ரூட்டாகச் சிவந்தது. "அல்டோனா... வெளியில கறுப்பு ரொட்டி விக்கிறாங்க. தீர்ந்துடப் போகுது."

"ஓடு, ஓடு! ராத்திரி வீட்டுக்குத்தானே வரணும்?"

அவர் நழுவினார். யூர்கா நார்க்கற்றையோடு அருகில் வந்தாள். "தொட்டுப் பாரேன், பட்டு மாதிரி இருக்கு."

"உன் நாரை நீயே வெச்சுக்க. அந்தப் பலகையை உனக்கு யார் குடுத்தது?"

"அதா? யார் குடுப்பா? எங்கப்பா பட்டறையில நானே செதுக்கினது."

"பொய் சொல்லாதே! அது என் வீட்டுக்காரர் கை வேலை. அதே சூரியன் என் கட்டிலுக்கு மேல இருக்கு. போனதும் முதல் வேலையா அதை அடுப்புல போடப் போறேன்."

யூர்கா பதறிப்போய் இடது கையால் என் தோளைப் பற்றினாள்.

"ஐயோ, எரிச்சுடாதே அல்டோனா! மூணு வாரம் பட்டறை வாசல்ல நின்னு அந்த மனுஷன் கெஞ்சினதாலதான், உன்னோடதையும் நானே செதுக்கிக் குடுத்தேன்!"