மேனேஜரைக் கூண்டில் வைப்பதன் நன்மை தீமைகள்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் பரத்வாஜ் லிஃப்டில் வைத்துக் கேட்டார். லிஃப்டில் மறுப்பதற்கு நேரம் இருப்பதில்லை.

"ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் வேணும் ஹரி. வீட்டுல நாயைக் கூண்டுல வெக்கறதோட நன்மை, தீமை. அஞ்சுக்கு அஞ்சு, பேலன்ஸ்டா இருக்கணும். போன மலர்ல கத்தாழை பத்தி எழுதினவர் நன்மையை மட்டும் எழுதிட்டார். ஒரே சண்டை."

என்னைக் கேட்டதில் நியாயம் உண்டு. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலை, வீட்டிலிருந்தே எழுதுகிறேன். தவிர, ராஜா அண்ணாமலைபுரத்தின் இந்தக் கட்டடத்தில் நாய்க்கூண்டு இருப்பது என் வீட்டில் மட்டும்தான்.

முதல் தொடக்கம்: "நாய் நன்றியுள்ள பிராணி." அடித்துவிட்டேன்.

அடுத்தது: "நாயைக் கூண்டில் அடைத்த மனிதன் தானும் அடுக்குமாடி என்னும்" போதும். இந்த வரியை நீங்களே எழுதியிருப்பீர்கள்.

அதற்கும் அடுத்தது: "சென்ற ஆண்டு என் மனைவி கீர்த்தி இறந்தபோது நாய்"

இது இப்படியே கிடக்கட்டும்.

2

நாயின் பெயர் மேனேஜர். கோட்டூர்புரம் பாலத்தருகே குட்டியாகக் கிடந்ததைக் கீர்த்தி தூக்கிவந்தாள். "வேலை எதுவும் செய்யறதில்ல. வர்றவங்க போறவங்களைப் பார்த்துக் கத்துது. வேற என்ன பேரு வைக்க?" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில்தான் அவள் அலுவலகத்திலிருந்து வருவாள். அவள் போன பிறகும் மேனேஜர் அந்த நேரத்துக்கு வாசல் கதவருகே போய் உட்காரும். கதவு திறக்காது. ஊளையிடும். நான் அறைக்குள் கையேடு எழுதிக்கொண்டிருப்பேன். எழுந்து போனதில்லை.

(இங்கே கதாநாயகன்மேல் உங்களுக்கு வெறுப்பு வரலாம். கதாநாயகனுக்கு ஆட்சேபம் இல்லை.)

கீழ்வீட்டுக் கற்பகம் மாமி மேலே வந்தார்.

"ஏண்டாப்பா ஹரி, விளக்கேத்தற நேரத்துல நாய் ஊளையிட்டா ஆத்துக்கு ஆகுமோ? எனக்குப் படபடன்னு வரது. உன் துக்கம் நேக்குப் புரியறது. நாயோட துக்கத்தையும் நான்தான் கேட்டுண்டிருக்கணுமா?"

சங்கம் கூடியது. மேனேஜர் கூண்டுக்குள் அமைதியாக இருக்கலாம். இன்னொரு புகார் வந்தால் குடியிருப்பை விட்டே அனுப்பிவிட வேண்டும். இதுதான் தீர்மானம்.*

* அமைதி என்றால் என்ன என்று தீர்மானத்தில் விளக்கவில்லை. கையேடு எழுதுபவனுக்கு இது உடனே கண்ணில் படும்.

3

கீர்த்தியின் அப்பா அய்யாதுரைக்குத் தி. நகரில் ஜவுளிக்கடை. கூண்டு என்றதும் போனிலேயே கொதித்தார்.

"நாய்க்கூண்டுன்னு செல்போன்ல ஒரு கம்பி வலையப் படம் போட்டுக் காட்டுதான் மாப்ள. கோழிகூட அதுக்குள்ள நிக்காது. எம் மவ வளத்த நாய்லா? நான் செஞ்சு தாரேன்."

கடைக்கு ஷட்டர் போட்ட அன்வர் பாஷாவிடம் சொன்னார். அவருடைய பட்டறையில், யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போன பூஜை அறைக் கதவு ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. தேக்கு. கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்துக்கு ஒரு பித்தளை மணி. மாமனார் ஜவுளிக்காரர். மிச்சத் துணி வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் கதவை அறுத்துச் சிறிதாக்கிக் கூண்டுக்கு மாட்டச் சொல்லிவிட்டார்.

வேனிலிருந்து இறக்கும்போது கேட்டேன்: "இதுக்குள்ள நாய் இருக்குமா பாய்?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டே? சாமியே உள்ள குந்திக்கினு கீது. நாய் குந்தாதா?"

மாமனார் அவரை முறைத்தார். பிறகு கூண்டுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். பொட்டு நேராக இருக்கிறதா என்று அன்வர் பாஷாதான் தள்ளி நின்று பார்த்துச் சொன்னார்.

நன்மை: தேக்கு. கரையான் அரிக்காது.

4

மேனேஜர் தானாகவே உள்ளே போய்ப் படுத்தது. கதவைச் சாத்தினேன், தாழ்ப்பாளைப் போடவில்லை. (செயலாளரிடம் சொல்லாதீர்கள்.)

மாலையில் எழுந்தது. ஊளைக்கு வாயைத் திறக்கும் முன் மூக்கு கதவில் இடித்தது. அத்தனை மணிகளும் அடித்தன. யாரோ வந்துவிட்டார்கள் என்று அறையிலிருந்து ஓடிவந்தேன். யாரும் இல்லை. மேனேஜர் என்னைப் பார்த்தது. வந்ததற்குக் கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளும் இடித்தது. மறுநாளும் போனேன். ஊளை நின்றுவிட்டது.

நன்மை: நாய் அமைதியாகிறது. தீமை: கூப்பிட்டால் போக வேண்டியிருக்கிறது.

அந்த வாரமே மாமி படிக்கட்டில் பிடித்துக்கொண்டார்.

"நாயை அனுப்பிட்டயோன்னோ? சத்தமே இல்லையே. சாயங்காலமானா உங்காத்துல மணிதான் கேக்கறது. தினம் பூஜை பண்றயாடா? கீர்த்தி போனப்புறம் இந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே, உள்ளயே வெச்சுண்டு என்ன ஆகப்போறதோன்னு பயந்துண்டிருந்தேன். இப்போ உன் மணி கேட்டதும் கன்னத்துல போட்டுண்டுதான் நானும் விளக்கேத்தறேன்."

நான் தலையசைத்தேன். தலையசைப்பது பொய்யில் சேருமா என்று ஒரு பத்தி எழுதினேன். நன்றாக இல்லை. நீக்கிவிட்டேன்.

(மேனேஜரை நடக்க அழைத்துப்போவது மாமிக்குத் தெரியாதா? நாங்கள் பின்படிக்கட்டில் இறங்குகிறோம். மாமியின் ஜன்னல்கள் முன்பக்கம். கதைக்கு வசதியாக இருப்பதால் சந்தேகப்படுவீர்கள். கட்டியவரைக் கேளுங்கள்.)

5

பரத்வாஜுக்கு எல்லாம் தெரியும். தாழ்ப்பாளைத் தவிர.

"குரைச்சா தொந்தரவு, மணி அடிச்சா பக்தி. மணிக்கு எதிரா புகார் குடுக்க மயிலாப்பூர் சுத்துவட்டாரத்துல யார் இருக்கா? ஆனா மாமிக்குத் தெரியப்படாது ஹரி. இத்தனை நாள் நாய்க்குக் கன்னத்துல போட்டுண்டோம்னு தெரிஞ்சா அன்னிக்கே புகார். நாய் வெளியே."

"அப்ப கட்டுரை?"

"மணியை விட்டுட்டு எழுதேன்."

எழுதினேன். ஐந்துக்கு ஐந்து வந்தது. 'நாய்' என்ற இடத்தில் 'ஃப்ரிட்ஜ்' என்று போட்டாலும் பொருந்தியது.

மணியையும் சேர்த்து எழுதியதுதான் இது. மலர் எல்லா வீட்டுக்கும் போகும். மாமி பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு விளம்பரங்கள்வரை படிப்பவர். இதைக் கொடுத்தால் மேனேஜர் போக வேண்டும். கொடுக்கக் கூடாது என்றுதான் முடிவு செய்திருந்தேன். ஆனால் மலருக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. "வெள்ளிக்கிழமை வந்து உங்காத்து சுவாமிக்கு ஒரு நமஸ்காரம் பண்றேண்டா" என்று மாமி சொல்லியிருந்தார். இப்போது, விளக்கு வைக்கும் நேரத்தில், சர்க்கரைப் பொங்கலோடு படியேறிக்கொண்டிருக்கிறார். லிஃப்ட் என்றால் மாமிக்குப் பயம். மெதுவாகத்தான் ஏறுவார். அதற்குள் முடிவு வேண்டும்.

6

ஒன்று: மேனேஜரை மாமனார் கடைக்கு அனுப்பிவிடுகிறேன். கூண்டுக்குள் ஒரு சாமி படம். மாமி கும்பிடுகிறார். மாலையில் நானே மணி அடித்துக்கொள்ளலாம். எழுந்து போகத்தான் காரணம் இருக்காது.

அல்லது, மாமி பார்க்கிறார், கத்துகிறார், பொங்கல் தரையில். புகார். மேனேஜர் வெளியே. மலரில் என் கட்டுரை, பேலன்ஸ்டாக.

அல்லது, கூண்டைப் பார்த்து நின்ற மாமி, "கீர்த்திக்குத்தான் இது மணி அடிச்சுண்டிருக்கா?" என்று கேட்டுத் தரையில் எங்கள் பக்கத்தில் உட்கார்கிறார். அழகாக இருக்கிறது, அதனால் நம்பவில்லை. மாமிக்கு முழங்கால் வலி. தரையில் உட்கார முடியாது.

வாசலில் அழைப்பு மணி. உள்ளே பித்தளை மணிகள். இரண்டும் ஒரே நேரத்தில்.

எனக்குப் பழக்கம் கூண்டுப் பக்கம் போவதுதான். போகிறேன். வாசல் கதவை நீங்கள் திறந்துவிடுங்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் எழுதித் தரவில்லை. உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

சொல்வதற்கு முன் மாமிக்கு ஒரு நாற்காலி போடுங்கள்.