செம்பருத்தி எதைக் குறிக்கிறது?

குன்னத்தில் தமிழாசிரியராக இருந்த பாலசுந்தரத்துக்கு மனைவி தவறிப் பல வருஷமாகிவிட்டது. மகள் லீலாவதி ஒன்பதாவது படித்தாள். சோறு வடிக்க, தலை பின்ன, காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்க எல்லாம் பழகிக்கொண்டவருக்கு ஒன்றே ஒன்று மட்டும் வாயில் வரவில்லை. பெண் எந்த நாளிலும் பெரியவளாகிவிடலாம். அதற்குள் யாராவது விவரம் சொல்லியாக வேண்டும். சங்கப் பாட்டில் எந்தப் பூ எதைக் குறிக்கிறது என்று மேடையேறி மணிக்கணக்கில் முழங்குகிறவர், வீட்டில் இந்தப் பேச்சை எடுக்கப் போய் வெங்காய விலையைப் பேசிவிட்டு எழுந்துவிடுவார்.

கடைசியில் அரியலூர் நூலகத்தில் ஒரு நாவல் அகப்பட்டது. தாயில்லாத பெண் ஒருத்தி வளர்ந்து ஆளாகிற கதை. அவள் பெரியவளாகும் இடத்தில் எழுதியவர் நாகரிகமாக ஒதுங்கிக்கொண்டு, வானம் சிவந்ததையும் செம்பருத்தி மொட்டு அவிழ்ந்ததையும் காய்ந்த ஓடையில் புதுவெள்ளம் வந்ததையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். பாலசுந்தரத்துக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

பாடப் புத்தகம் மட்டும் போதாது, இதையும் படி என்று மகளிடம் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அடுப்பில் பருப்பு வேகவைத்துக்கொண்டிருந்தபோது, கதை எப்படி என்று மெல்லக் கேட்டார். நல்ல கதைதான், ஆனால் வெள்ளம் வருகிற நேரத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளாமல் அந்தப் பெண் வேடிக்கை பார்த்தது சரியில்லை என்றாள்.

அவர் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, செம்பருத்தி வெறும் செம்பருத்தி இல்லை, ஓடை வெறும் ஓடை இல்லை, இயற்கையே அவளுக்குத் தாயாக நின்று ஏதோ சொல்கிறது என்று சுவரைப் பார்த்து விளக்கத் தொடங்கினார்.

லீலாவதி கரண்டியை வைத்தாள்.

"அது ஆயிடுச்சுப்பா. சித்திரையிலயே."

"எது?"

"நீங்க செம்பருத்தின்னு சொல்றீங்களே, அது."

வகுப்புத் தோழி சிந்தாமணிதான் விவரமெல்லாம் சொல்லிக் கொடுத்தாளாம். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார்.

"மாமாவுக்குத் தெரிஞ்சா ஓலை கட்டி உக்கார வச்சு, பள்ளிக்கூடத்த நிறுத்திடுவாங்க. சிந்தாமணியோட அக்காவ அவங்க வீட்ல அப்படித்தான் நிறுத்துனாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க மாமாகிட்ட சொல்லித்தானே ஆவணும்?"

அவருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பிறகு அதற்காக வெட்கப்பட்டார். இவள் எந்தெந்த நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"வலிச்சுதா?" என்றார். அந்த விஷயத்தில் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது.

"கொஞ்சம்" என்றாள்.

அரும்பாவூரிலிருந்து தாய்மாமன் செல்லதுரை பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்து ஜாடையாகக் கேட்டபோதெல்லாம், இன்னும் இல்லை என்று பாலசுந்தரம் கூசாமல் சொன்னார். பள்ளியிறுதி வகுப்பான பதினொன்றாவது தேறிய பிறகுதான் ஆள் அனுப்பினார். மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து, சீரெல்லாம் வைத்து, குறைவில்லாமல் சடங்கு செய்தார். ஆனால் அதற்குள் யாரோ உண்மையை அவர் காதில் போட்டுவிட்டார்கள்.

"பொம்பள இல்லாத வூடுங்க. பொண்ணு ஆளாவி மூணு வருசமாச்சு, இவருக்கு ஒண்ணும் தெரியல" என்று பந்தியில் எல்லோர் காதிலும் விழச் சொன்னார்.

பாலசுந்தரம் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இலைக்கு இன்னொரு கரண்டி ரசம் கேட்டார். அடுத்த மாதம் லீலாவதி ஆசிரியப் பயிற்சிக்குத் திருச்சி பஸ் ஏறினாள்.