மரமா, மின்கம்பமா

ஹருயோவுக்குக் கோபம் வந்தால் வெங்காயம் நறுக்குவாள். அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் ஆறு வெங்காயம் தீர்ந்துவிட்டது.

கணவர் தத்சுவோவுக்குத் தன் வீட்டுக்கென்றே தனி மின்கம்பம் வேண்டுமாம். அக்கம்பக்கத்து ஏசியும் மைக்ரோவேவும் கலக்கி விட்டுத்தான் தெருக் கம்பத்து மின்சாரம் வருகிறதாம். அதைக் குடித்துப் பாடும் அவருடைய டிஜிட்டல் பாட்டுப் பெட்டிக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறதாம். ஊரில் ஏற்கெனவே இரண்டு பேர் நட்டுத் தொலைத்துவிட்டார்கள், அந்த வயிற்றெரிச்சல் வேறு. நடுவதற்குத் தோதான ஒரே இடம் தோட்டத்துத் தென்கிழக்கு மூலைதான் என்று கம்பம் நடுகிறவர் அளந்து சொல்லிவிட்டுப் போனார். அங்கே நிற்பது ஹருயோவின் பெர்சிமன் மரம். நவம்பரில் அதன் பழங்களைத் தோல் சீவி இறவாரத்தில் காயக் கட்டித் தொங்கவிடவில்லையென்றால் அவளுக்கு வருஷம் முடிந்தமாதிரியே இருக்காது.

"கரண்டோட வித்தியாசம் உங்க காதுக்குத் தெரியுதுன்னு காட்டுங்க. நானே ரம்பம் எடுத்துத் தரேன்" என்று சொல்லிவிட்டாள். தைரியம்தான். ரைஸ் குக்கர் கத்துவதே இரண்டு வருஷமாக அவர் காதில் விழுவதில்லை.

நடுவராக நண்பர் நிஷிவாகி வந்தார். கையோடு, மின்சாரத்தைச் சுத்தம் செய்து பாட்டுப் பெட்டிக்குத் தருவதற்கென்று தானே கம்பி சுற்றிச் செய்த பவர் சப்ளைப் பெட்டியையும் தூக்கி வந்திருந்தார். அரிசி மூட்டை கனம். ஓட ஆரம்பித்தால் மெல்லச் சூடேறும். அதற்குப் போட்டி, பாட்டுப் பெட்டியோடு இலவசமாக வந்த உள்ளங்கை அகல அடாப்டர். இரண்டையும் பக்கத்து அறையில் வாசலையொட்டி வைத்து, வாசலில் ஒரு போர்வையைத் தொங்கவிட்டார்கள். ஹருயோ உள்ளே உட்கார்ந்து, காசு சுண்டிப் பார்த்து ஏதாவது ஒன்றைச் சொருக வேண்டும். எது ஓடுகிறதென்று தத்சுவோ இந்தப்பக்கம் இருந்து பாட்டைக் கேட்டே சொல்ல வேண்டும். மூன்று சுற்று. மூன்றும் சரியாகச் சொன்னால் கம்பம். ஒன்று தப்பினாலும் மரம். மின்சாரம் ஊற வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் முன் அரை மணி நேரம் ஓடட்டும் என்று விதி போட்டவர் தத்சுவோ.

முதல் சுற்றில் பெரிய பெட்டி. தத்சுவோ கண்ணை மூடிக் கேட்டார். பிறகு நிஷிவாகியின் கைவேலைதான் என்றார். சரி. இரண்டாவதில் அடாப்டர். அதையும் சொல்லிவிட்டார். ஹருயோவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு நிஜமாகவே கேட்கிறதோ? இத்தனை நாளும் தான் கூப்பிட்டதுதான் கேட்கவில்லையோ?

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. முதல் சுற்றில் அவர்கள் வீட்டு வெள்ளைப் பூனை தோஃபு, சூடேறிய பெரிய பெட்டிமேல் சுகமாகப் படுத்திருந்தது. அதன் வால் போர்வைக்கு அடியில் அந்தப்பக்கம் நீண்டிருந்தது. இரண்டாவதில் பெட்டி ஆறிப்போக, பூனை எழுந்து போய்விட்டது. போர்வை ஓரமாகப் பார்த்தபோது, பதில் சொல்லுமுன் அவருடைய இடது கண் அரைக்கால் அளவு திறந்து தரையைத் துழாவியதை அவளும் கண்டிருந்தாள்.

மூன்றாவதற்குக் காசு சுண்டினாள். மறுபடி அடாப்டர். அதையே நேர்மையாகச் சொருகினாள். பிறகு கோட்டுப் பையிலிருந்து, குளிருக்குக் கையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பொட்டலத்தை எடுத்துக் கசக்கிப் பெரிய பெட்டியின் தலையில் வைத்தாள். பூனையைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லையே.

தோஃபு வந்தது. படுத்தது. வாலை நீட்டியது.

"இது உங்க பெட்டிதான். சந்தேகமே வேணாம்" என்றார் தத்சுவோ. "அந்த அடிக்குரல் ஒண்ணு போதும்."

ஹருயோ போர்வையை விலக்கினாள். பாட்டு அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்தது.

"அதெப்படி? பூனை அதுமேலதான..." என்று ஆரம்பித்த தத்சுவோ அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"பூனைக்கு என்ன?" என்றார் நிஷிவாகி.

"ஒண்ணுமில்ல. பசியா இருக்குமோன்னு பார்த்தேன்."

பசி என்ற சொல் கேட்டுத் தோஃபு எழுந்து சமையலறைக்கு நடந்தது. பெட்டியின்மேல் வெள்ளைப் பொட்டலம் தனியாகக் கிடந்தது. தத்சுவோ அதைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். நிஷிவாகி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் அவசரமாக எடுத்துத் தன் கிமோனோ கைக்குள் போட்டுக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் ஹருயோவுக்கு அவர்மேல் பொங்கிக்கொண்டு பிரியம் வந்தது. தட்டில் இருந்த உலர்ந்த பெர்சிமன்களில் பெரியதாக ஒன்றைத் தேடி எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"செவ்வாய்க்கிழமை காது டாக்டர்கிட்ட போறோம்" என்றாள், மெதுவாக. "கண்ணு பிரமாதமா இருக்கு உங்களுக்கு."

"என்ன சொன்ன?" என்றார் தத்சுவோ.