நீலக் கோடு

அக்டோபர் மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்கு ஊர் மன்றத்தின் சமையலறைக் கதவு திறந்தது. முதல் தட்டுகள் வெளியே வந்தன. பொரித்த பன்றி வயிற்றிறைச்சி, அவித்த உருளைக்கிழங்கு, பார்ஸ்லி இலை போட்ட வெள்ளைக் குழம்பு. வேண்டுமட்டும் தின்னலாம். யூலாந்துத் தீபகற்பத்தின் மேற்குக் கோடியில் அந்தச் சின்ன ஊரில், யார் எத்தனை துண்டு தின்றார்கள் என்பது அடுத்த வருட விருந்துவரை பேச்சாக ஓடும்.

விபெகே ஐந்தாவது துண்டில் இருந்தாள். எதிரே ப்ரெபென் பதினொன்றைத் தாண்டியிருந்தார். அவர் மோவாயில் கொழுப்பு பளபளத்தது.

"என்ன விபெகே, அஞ்சுக்கே மூச்சு வாங்குது? உங்க ஆராய்ச்சிப் பண்ணையில புல்லுதான் போடறாங்களா?"

"மெதுவாத் தின்னுங்க ப்ரெபென். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரமாகும்."

மேசை சிரித்தது. யாரோ ஸ்னாப்ஸ் சாராயக் கோப்பையை உயர்த்தினார்கள். எல்லோரும் உயர்த்தினார்கள்.

பக்கத்தில் அவள் தம்பி ஃப்ளெமிங் எண்ணாமல் தின்றுகொண்டிருந்தான். அவன் கண் அடுத்தவர் தட்டுகளிலேயே இருந்தது. சமைத்தவன்போல் ஒரு திருப்தி முகத்தில்.

"எப்படி இருக்கு அக்கா?"

"நல்லாருக்கு. தோல் நல்லா மொறுமொறுன்னு வந்திருக்கு."

"யாரு குடுத்த பன்னின்னு கேக்க மாட்டியா?"

"யாரு?"

"நீதான்."

அவள் முள்கரண்டியை வைத்தாள்.

ஊருக்கு வெளியே உள்ள ஆராய்ச்சிப் பண்ணையில் அவளுக்கு வேலை. பன்றி குட்டி போட்டதும் ஒவ்வொன்றின் காதிலும் துளி நறுக்கிச் சோதிப்பாள். அங்கே வளர்த்த பன்றி வம்சத்தின் உயிரணுக்களில் ஜெல்லி மீனின் ஒளிரும் ஜீன் ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். அந்த உயிரணுவை வேறொரு பன்றியின் இதயத்தில் வைத்தால், எங்கே ஒட்டியது, எங்கே செத்தது என்று பச்சை ஒளியை வைத்துக் கண்டுபிடிக்கலாம். பிறக்கும் குட்டிகளில் ஏறக்குறையப் பாதிக்கு அந்த ஜீன் வரும். மீதி வெறும் பன்றிகள். சட்டத்துக்கு அந்த வித்தியாசம் கிடையாது. அந்தக் கொட்டிலில் பிறந்தது எதுவானாலும் கடைசியில் எரியுலைக்குத்தான் போக வேண்டும்.

ஃப்ளெமிங் சொந்தப் பண்ணையை மூடிவிட்டு அங்கே வேலைக்கு வந்தவன். அவள்தான் சொல்லிச் சேர்த்துவிட்டாள். குறையில்லாத பன்றிகளை உலைக்குள் தள்ளும் நாளெல்லாம் அவன் கெட்ட வார்த்தை பேசினான்.

"ஜீன் இல்லாததுக்கும் கடைப் பன்னிக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாதுன்னு நீதானே சொன்ன? அதைப் போய் எரிக்கச் சொல்றானுங்க. எனக்குக் குமட்டுதுக்கா. அதான் ஒண்ணை ஓட்டிட்டு வந்து அடிச்சேன்."

"திருடிட்டு வந்திருக்க."

"சாம்பலாப் போறதை எடுத்தா திருட்டா? தெரிஞ்சவர் பண்ணையிலேர்ந்துன்னு சமைக்கிற மார்கிட்கிட்ட சொல்லிட்டேன். பாரு, எப்படித் தின்னுதுங்க. புண்ணியம்தான்."

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் மட்டும்தான். வெளியே தெரிந்தால் இருவருக்கும் வேலை போகும். தெரியாவிட்டால், அது வெறும் பன்றி. தட்டில் மிச்சமிருந்ததை வாயில் போட்டாள். மென்றுகொண்டே கேட்டாள்.

"எதை எடுத்த?"

"நீ அடையாளம் போட்டதைத்தான். முதுகுல நீலக் கோடு."

வாய் நின்றது.

நீலக் கோடு ஜீன் உள்ளதற்கு. கோடில்லாததுதான் வெறும் பன்றி. வேலைக்கு வந்த முதல் நாளே அவனுக்குச் சொல்லியிருந்தது. கொட்டில் சுவரிலும் எழுதியிருந்தது. ஆனால் சொந்தப் பண்ணையில் முப்பது வருடம் நீலக் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான்: எடை வந்துவிட்டது, லாரியில் ஏற்று. ஆராய்ச்சிப் பண்ணையில் பன்றியைத் தேர்ந்தெடுப்பது அவன் வேலையில்லை. செத்ததை இழுப்பதுதான். முதல் முறையாகத் தானே தேர்ந்தெடுத்தபோது, கை பழைய பாதையில் போயிருந்தது.

விபெகேயின் வாயில் எச்சில் ஊறியது. குமட்டலுக்கு முன் ஊறும் தண்ணீர் எச்சில்.

அந்த ஜீன் ஒன்றும் செய்யாது என்று அவளுக்குத் தெரியும். முட்டையின் புரதத்தை அரைப்பதுபோல வயிறு அதையும் அரைத்துவிடும். பண்ணை வந்த புதிதில் ஊர் இதே கூடத்தில் கூடிக் கத்தியபோது, எழுந்து நின்று அதைச் சொன்னவள் அவள். நம்பித்தான் சொன்னாள். இப்போதும் நம்பினாள். தொண்டை நம்பவில்லை. மேலண்ணத்தில் கொழுப்பு ஒரு தோல்போலப் படிந்திருந்தது. பல்லிடுக்கில் ஒரு நார். நாக்கு அதைத் தேடிப் போனது, பிறகு பின்வாங்கியது. அவள் காகிதக் கைத்துணியில் துப்பினாள். பிரித்துப் பார்த்தாள். மென்ற இறைச்சி, அவ்வளவுதான். வேறு எதுவாகவும் அது தெரியாததுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது.

எதிரே ப்ரெபென் ஒரு தோலைக் கடித்தார். அது உடையும் சத்தம் அவள் காதுக்குள் கேட்டது. குழம்பின்மேல் ஆடை படர்ந்திருந்தது. சிறுவர் மேசையில் ஒருத்தி விரல்களை ஒவ்வொன்றாகச் சூப்பிக்கொண்டிருந்தாள்.

"எழுந்து வா," என்றாள் தம்பியிடம்.

காரிலிருந்து, கொட்டிலில் பச்சை ஒளியைப் பார்க்கும் நீல விளக்கையும் மஞ்சள் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டாள். சமையலறைக்குப் பின்னால் குளிரறை. ஒரு தொட்டியில் தலையும் நான்கு கால்களும் கிடந்தன. பக்கத்துத் தட்டில் பொரிக்க வெட்டி அடுக்கிய துண்டுகள். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கைப் பிடித்தாள்.

பச்சை. குளம்பைச் சுற்றி, காது மடலின் ஓரத்தில், மூக்கின் ஈரமான வட்டத்தில். பல வருடமாகக் கொட்டிலில் பார்த்த அதே பச்சைதான். அங்கே அது ஒரு சோதனை முடிவு, சரி என்று குறித்துவிட்டு அடுத்த குட்டிக்குப் போவாள். இங்கே, கழுவிய கால்களின்மேல், சாக்கடைச் சுவரின் பாசிபோல இருந்தது.

கண்ணாடியைக் கழற்றித் தம்பியிடம் கொடுத்தாள். அவன் வெகுநேரம் பார்த்தான். பிறகு வெளியே போய்க் கைகழுவும் தொட்டியில் குனிந்தான். விரலைத் தொண்டைக்குள் விட்டான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். வந்ததெல்லாம் வெள்ளையும் பச்சை இலையும் சரியாக மெல்லாத தோலுமாக இருந்தது. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவன் திரும்பி வந்தான். அந்த நாற்றம் அவனோடு வந்தது.

"இது பன்னியா, வேற ஏதாவதா?"

"பன்னிதான்."

"அப்புறம் ஏன் இப்படி மின்னுது?"

"ஒரே ஒரு ஜீன். ஒண்ணும் செய்யாது."

"ஒண்ணும் செய்யாதுன்னா நீ ஏன் துப்பின?"

அவள் விளக்கை அணைத்தாள்.

"சமைச்சா இந்தப் பச்சை போயிடுமா?"

"சூட்டுல போயிடும். வெளிச்சம்தான் போகும்."

"அப்ப யாருக்கும் தெரியாது." குரல் கீழே இறங்கியது. "சொல்லாதக்கா. நான் இந்த ஊர்லதான் இருக்கணும். இதுங்களுக்கு நான் பன்னி போட்டவனா இருக்கலாம். இதைப் போட்டவனா இருக்க முடியாது."

அவள் யோசித்தாள். சொன்னால், நாற்பது பேர் அவனைப்போலவே குனிவார்கள். அவர்களிடம் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வேண்டியவளும் அவள்தான். சொல்லாவிட்டால், அடுக்கிய துண்டுகள் சட்டிக்குப் போகும். கால்களை மார்கிட் நாளை வேகவைத்து ஜெல்லிபோல உறைய வைப்பாள், ரொட்டிமேல் வைத்துத் தின்ன. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஒவ்வொரு வில்லை.

தம்பியின் மோவாயில் ஒரு பார்ஸ்லித் துணுக்கு ஒட்டியிருந்தது. அவனைப் பார்க்கவே கூசியது. அதைவிட, குளிரறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று தன் கண் இரண்டாவது முறை போய்ப் பார்த்ததுதான் அவளுக்குக் கூசியது.

கூடத்தில் பாட்டு தொடங்கியது. மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

கதவு திறந்தது. மார்கிட் நின்றாள். கன்னம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. கையில் காலித் தட்டு.

"அட, அக்காவும் தம்பியும் இங்க என்ன ரகசியம் பேசறீங்க? டேய் ஃப்ளெமிங், என்னடா மூஞ்சி இது, ஸ்னாப்ஸ் ஏறிடுச்சா? போய்க் காத்தாட நில்லு." அவள் அடுக்கிய துண்டுகள்மேல் கை வைத்தாள். "சின்னதுங்க மேசையில இன்னும் ஒரு தட்டு கேக்குதுங்க. தீருதுன்னு சொன்னேன், அழுவுதுங்க." விபெகே நகரவில்லை. மார்கிட் அவள் கையிலிருந்த விளக்கைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "என்ன விபெகே, வழியை மறிச்சிட்டு நிக்கற? இதைப் பொரிக்கட்டுமா, வேண்டாமா?"