நடுங்கியது கால் அல்ல

டிரைவிங் ஸ்கூலில் அவளுக்கு வைத்த பெயர் ஹாரன். எதிரே காக்கா நடந்து போனால்கூட அழுத்திவிடுவாள் என்பதால் வந்த பெயர். நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஓட்டக் கற்றுக்கொண்டு, லைசென்ஸ் வாங்கி, பழைய சின்னக் கார் ஒன்றையும் வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து கொத்தமல்லி வாங்கக்கூடக் கார்தான்.

அந்தக் காருக்குத்தான் இப்போது கேடு வந்திருந்தது. வேகம் கூட்ட ஆக்சிலரேட்டரை மிதித்தால் போதும், குளிர் ஜுரம் கண்டதுபோல் வண்டி உதறியது. ஸ்டியரிங் கைக்குள் நிற்கவில்லை. மெக்கானிக் முதலில் டயர்களைக் கழற்றி பேலன்ஸ் பார்த்தார். பிறகு பிளக்குகளை மாற்றினார். உதறல் போன பாடில்லை.

மகன் ஒருநாள் தானே எடுத்து ஓட்டிப் பார்த்தான். அவன் ஓட்டுவது முட்டைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பதைப் போல. சமதரையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தான். வண்டி சமர்த்தாக ஓடியது.

"வண்டில ஒண்ணுமில்லம்மா. உனக்குத்தான் கால் நடுங்குது" என்றான். வயசாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றும் மெல்லச் சொல்லி வைத்தான்.

ஹாரனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று மாலைதான் அக்கா விமானத்தில் வருகிறாள். நானே வந்து கூட்டிப் போகிறேன் என்று போனில் பெருமையடித்திருந்தாள். மகன் டாக்சி சொல்லிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிப் போனான்.

மருமகளுக்கு அன்று விடுமுறை. மாமியார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்ததைக் கண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வாங்க அத்தை, ஒரு ரவுண்டு போகலாம். நடுங்குறது யாருன்னு பார்த்துடுவோம்."

முதலில் வாசலிலேயே நியூட்ரலில் நிறுத்தி இஞ்சினை உறுமவிட்டார்கள். மருமகள் டேஷ்போர்டின் மேல் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் படுக்க வைத்து, கண்கொட்டாமல் பார்த்தாள். இஞ்சின் கத்தியதே தவிர, தண்ணீரில் பெரிய சலனமில்லை. மாமியாரின் கால் பெடலில் கல்லாக நின்றது. மருமகள் அதையும் குனிந்து பார்த்துக்கொண்டாள்.

அடுத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் மேட்டுச் சாலை. அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. ஹாரன் மிதித்தாள். வண்டி உதறத் தொடங்கியது. பாட்டில் உருண்டு மருமகளின் மடியில் விழுந்தது. பயத்தில் ஹாரன் காலை எடுத்தாள். அந்த நொடியே உதறல் நின்றது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மறுபடி மிதிங்க அத்தை."

மிதித்தாள். உதறியது. விட்டாள். நின்றது. வேகம் அதேதான், சக்கரம் சுற்றுவதும் அதேதான். ஆனாலும் கால் அழுத்தும்போது மட்டும்தான் ஆட்டம். மேட்டின் உச்சியில் வண்டியைத் திருப்பி, கிளட்சை மிதித்தபடி அதே வேகத்தில் இறக்கிப் பார்த்தாள். பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு வந்தது.

"டயரா இருந்தா இறக்கத்துலயும் ஆடணும். இஞ்சினா இருந்தா வாசல்லயே ஆடியிருக்கணும்" என்றாள் ஹாரன் மூச்சிரைக்க. "ரெண்டும் இல்லைன்னா, ரெண்டுக்கும் நடுவுல என்னடி இருக்கு?"

மருமகளுக்கும் தெரியவில்லை. ஆனால் கேட்க வேண்டிய ஆள் யாரென்று இருவருக்கும் தெரியும். வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டே பட்டறைக்குப் போய் நின்றார்கள்.

மெக்கானிக் சாப்பிடப் போகும் நேரம். முதலில் அரைக்காதோடுதான் கேட்டார். இறக்கத்தில் ஓட்டிப் பார்த்த கதை வந்ததும் சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார். பானெட்டைத் திறந்து, பிரேக்கை அழுத்திக்கொண்டு லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொன்னார். இஞ்சின் தன் இருக்கையில் அசையாமல் உட்கார்ந்திருந்தது; கோளாறு அங்கேயும் இல்லை. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றினார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

இஞ்சின் பக்கத்திலிருந்து முன்சக்கரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு போகிறது. இஞ்சினின் பலத்தைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். அதன் உள்முனையில் இருந்த ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் எல்லாம் வெளியே தெறித்து, அக்கம்பக்கமெல்லாம் அப்பிக் கிடந்தது. மெக்கானிக் தண்டைப் பிடித்து உலுக்கினார். உள்ளே இருந்த ஜாயின்ட் தளர்ந்து டொக் டொக்கென்று ஆடியது.

"இதுதாம்மா. நீங்க மிதிச்சு இது மேல பாரம் ஏறினாத்தான் ஆட்டம் காட்டும். நான் டயரையே கட்டிக்கிட்டு அழுதேன் பாருங்க."

ஹாரன் எட்டி அந்தத் தண்டைத் தானே ஒருமுறை உலுக்கிப் பார்த்தாள். டொக். இன்னொரு முறையும் உலுக்கினாள். அந்தச் சத்தம் அவளுக்குச் சங்கீதமாக இருந்தது. மருமகள் அதை அப்படியே போனில் பிடித்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் கணவனுக்கு அனுப்பினாள்.

புதுத் தண்டு கடையிலிருந்து வந்து சேர்ந்து, மாட்டி முடிவதற்குள் ஹாரன் பட்டறையைப் பலமுறை சுற்றி வந்துவிட்டாள். முடிந்ததும் மூன்று பேருமாக அதே மேட்டுக்குப் போனார்கள். மிதித்தாள். வண்டி முனகாமல், உதறாமல், அம்பாகப் பாய்ந்தது. பின்சீட்டில் மெக்கானிக் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, போதும்மா, போதும்மா என்றார். சிரித்த சிரிப்பில் மருமகளுக்கு விக்கல் எடுத்தது.

டாக்சியை மகனே ரத்து செய்தான். விமான நிலையத்துக்குத் தானும் வருவதாகச் சொல்லி, பின்சீட்டில் ஏறிக்கொண்டான். அக்கா பெட்டிகளோடு வெளியே வந்து, ஓட்டுகிற இடத்தில் இருந்த தங்கையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஏறியதும், மெதுவா போ என்று இரண்டு தரம் சொன்னாள். பெரிய சாலையில் வண்டி வேகம் பிடித்ததும், ஜன்னலை இறக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் மிதி என்றாள்.